தோலின் நான்கு செய்திகள்: தொடுவுணர்வு ஆய்வின் இருநூறு ஆண்டுகள்

முன்னுரை

கண் ஒளியை அறிகிறது. காது ஒலியை அறிகிறது. தோலுக்கு அப்படி ஒரே ஒரு வேலையைச் சொல்லிவிட முடியாது. சூடு, குளிர், அழுத்தம், வலி ஆகிய நான்கும் தோலின் வழியாகவே நம்மை எட்டுகின்றன. அப்படியானால் தொடுவுணர்வு ஒரு புலனா, பல புலன்களின் தொகுப்பா? அரிஸ்டாட்டில் 'ஆன்மாவைப் பற்றி' என்ற நூலிலேயே இதை எழுப்பி, எளிதில் தீராத சிக்கல் என்று கண்டார். 19ஆம் நூற்றாண்டில் இது ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. ஒவ்வோர் உணர்வுக்கும் தனி நரம்புப் பாதை உண்டு என்று ஒரு தரப்பு வாதிட்டது. பல நரம்புகளின் செய்திகள் கலப்பதில்தான் உணர்வு பிறக்கிறது என்றது மறுதரப்பு. இரண்டும் உணர்வின் வெவ்வேறு கட்டங்களைச் சரியாக விளக்கின என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

1. முல்லரின் விதி

தண்டுவடத்தின் பின்வேர்கள் உணர்வையும் முன்வேர்கள் அசைவையும் கடத்துகின்றன என்பதை பிரான்சில் மஜாந்தி 1822இல் சோதனையால் நிறுவினார். நரம்புகளிடையே வேலைப் பிரிவினை உண்டு என்பதற்கு அது முதல் வலுவான சான்று. ஜெர்மனியின் யோஹன்னஸ் முல்லர் 1826இல் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தார். எந்தத் தூண்டல் பட்டாலும் ஒரு நரம்பு தனக்குரிய உணர்வையே தரும் என்றார் அவர். கண்ணை அழுத்தினால் ஒளி தோன்றுகிறது. ஒரே மின்னோட்டம் கண்ணில் ஒளியாகவும் நாவில் சுவையாகவும் உணரப்படுகிறது. ஆகவே நாம் நேரடியாக அறிவது நம் நரம்புகளின் நிலையைத்தான். வெளியுலகை அதிலிருந்து ஊகித்துக்கொள்கிறோம்.

முல்லர் தொடுவுணர்வை ஒரே புலனாகவே கருதினார். அவருடைய விதியைத் தோலுக்குள்ளும் நீட்டலாமா என்ற கேள்வி அடுத்த தலைமுறைக்கு எஞ்சியது.

2. அளவீட்டின் வருகை

லைப்சிக் நகரின் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபர் தொடுவுணர்வை அளந்து 1834இல் முடிவுகளை வெளியிட்டார். கவராயத்தின் இரு முனைகளைத் தோலில் வைத்து, எவ்வளவு இடைவெளியில் அவை இரண்டாக உணரப்படுகின்றன என்று பார்த்தார். விரல் நுனிக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் போதும். முதுகுக்கோ 40 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். நெற்றியில் வைத்த குளிர்ந்த நாணயம், அதே எடையுள்ள வெதுவெதுப்பான நாணயத்தைவிடக் கனமாக உணரப்படுவதையும் அவர் பதிவு செய்தார். வெப்ப உணர்வும் எடை உணர்வும் ஒன்றில் ஒன்று தலையிடுகின்றன என்பதற்கு இது தொடக்ககாலச் சான்று.

முல்லரின் மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், ஆசிரியர் அளக்கவே முடியாது என்று எண்ணியிருந்த நரம்புச் செய்தியின் வேகத்தை 1850இல் தவளை நரம்பில் அளந்தார். நொடிக்குச் சுமார் 27 மீட்டர் என்று கிடைத்த விடை, நரம்புச் செய்தியை இயற்பியல் முறைகளால் ஆராயலாம் என்ற நம்பிக்கையைத் தந்தது.

3. தோலில் புள்ளிகள்

ஸ்வீடனின் உப்சாலாவில் மேக்னஸ் பிலிக்ஸ், தோலில் குளிரை மட்டும் உணரும் புள்ளிகளும் சூட்டை மட்டும் உணரும் புள்ளிகளும் தனித்தனியே இருப்பதைக் கண்டறிந்து 1880களின் தொடக்கத்தில் வெளியிட்டார். பெர்லினில் கோல்ட்ஷைடரும் அமெரிக்காவில் டொனால்ட்சனும் தனித்தனியே இதே முடிவை அடைந்தனர். முல்லரின் விதி தோலுக்கும் பொருந்தும் என்பதே பிலிக்ஸின் முடிவு.

1890களில் மேக்ஸ் ஃபான் ஃபிரே, வளையும் விசை அளவிடப்பட்ட முடிகளால் தோலைத் தொட்டு அழுத்தப் புள்ளிகளையும் வலிப் புள்ளிகளையும் வரைபடமாக்கினார். குளிர்ப் புள்ளி ஒன்றைச் சுமார் 45 டிகிரி செல்சியஸ் சூட்டில் தொட்டாலும் குளிர்ச்சியே உணரப்படுகிறது என்றும் கண்டார். முல்லரின் விதிக்கு இதைவிட நேரான சான்று அன்று இல்லை. அதோடு நில்லாமல், நுண்ணோக்கியில் தெரிந்த நரம்பு முனைகளில் ஒவ்வொன்றையும் ஒவ்வோர் உணர்வோடு இணைத்தார். மைஸ்னர் முனை தொடுகைக்கு, கிரவுஸ முனை குளிருக்கு, ருஃபினி முனை சூட்டுக்கு, உறையற்ற வெறும் முனைகள் வலிக்கு என்பது அவர் வகுத்த பட்டியல்.

பட்டியலின் ஒரு பாதி நிலைக்கவில்லை. உறையுள்ள முனைகள் இல்லாத காதுமடல், நான்கு உணர்வுகளையும் உணர்வதை ஆக்ஸ்ஃபோர்டில் வெடலும் அவருடைய சகாக்களும் 1950களில் எடுத்துக்காட்டினர். சூட்டையும் குளிரையும் ஏற்பவையும் வெறும் முனைகளே என்பது பின்னர் தெளிவாயிற்று.

கலப்புத் தரப்புக்கு வலுச்சேர்த்த சோதனையும் உப்சாலாவில்தான் பிறந்தது. 1896இல் துன்பெர்க், இதமான சூடும் மிதமான குளிரும் கொண்ட கம்பிகளை மாற்றி மாற்றி அடுக்கினார். எந்தக் கம்பியும் தனியே வலிக்காது. அடுக்கின் மீது கையை வைத்தால் எரிவது போன்ற வலி. எந்தப் புள்ளியும் தனித்துத் தராத உணர்வு எங்கிருந்து வந்தது?

4. ஒற்றை நரம்பிழையின் பேச்சு

கேம்பிரிட்ஜில் ஏட்ரியனும் சோட்டர்மனும் 1926இல் ஒற்றை உணர்நரம்பிழையின் மின்துடிப்புகளைப் பதிவு செய்தனர். தூண்டல் வலுத்தால் துடிப்பின் அளவு கூடவில்லை. நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதே கூடியது. மாறாத தூண்டல் தொடர்ந்தால் துடிப்புகள் அருகின. உடுத்திய துணி தோலில் இருப்பதைச் சற்று நேரத்தில் மறந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். புலன் உறுப்பு நிலையைவிட மாற்றத்தையே முதன்மையாகத் தெரிவிக்கிறது.

எல்லா இழைகளிலும் துடிப்பு ஒரே மாதிரி என்றால், ஒளியையும் வலியையும் பிரிப்பது அத்துடிப்பின் வடிவமாக இருக்க முடியாது. எந்த இழை, மூளையின் எந்தப் பகுதிக்குச் செல்கிறது என்பதே பிரிக்க வேண்டும். முல்லரின் விதி இங்கே புதிய அடித்தளம் பெற்றது. அமெரிக்காவில் எர்லாங்கரும் கேஸரும் இழையின் தடிமனுக்கேற்ப வேகம் மாறுவதைக் காட்டினர். தொடுகைச் செய்தி நொடிக்குப் பல பத்து மீட்டர் ஓடுகிறது; கொழுப்புறை இல்லாத மெல்லிய இழைகளில் வலி சுமார் ஒரு மீட்டரே நகர்கிறது. கால் இடித்தவுடன் இடித்தது தெரிவதும், எரிச்சல் பிந்தி வருவதும் இதனால்தான்.

1960களில் உப்சாலாவின் ஹாக்பார்த்தும் வால்போவும் மெல்லிய ஊசி மின்முனைகளைத் தங்கள் கை நரம்புகளிலேயே செலுத்தி, விழித்திருக்கும் மனிதரின் நரம்புச் செய்தியைப் பதிவு செய்யும் முறையை உருவாக்கினர். 1980களில் இம்முறையால் ஒற்றை இழையைத் தூண்டியபோது, இழையின் வகைக்கேற்ப அதிர்வு அல்லது அழுத்தம் உணரப்பட்டது.

5. மூலக்கூறு தந்த விடை

சூட்டைத் துடிப்பாக மாற்றுவது எது? கலிஃபோர்னியாவில் டேவிட் ஜூலியஸ் குழு, மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினைக் கருவியாக்கியது. உணர்நரம்பணுக்களின் மரபணுக்களை, காரத்துக்கு மசியாத செல்களில் புகுத்தி, எந்த மரபணு அவற்றைக் காரம் உணர வைக்கிறது என்று தேடியது. 1997இல் கிடைத்த டிஆர்பிவி1 என்ற அயனி வாயில் (செல்லின் சவ்வில் அயனிகளை உள்ளே விடும் புரதம்), சுமார் 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டிலும் திறந்தது. காரமும் சூடும் ஒரே கதவைத் தட்டுகின்றன. அதனால்தான் மிளகாய் 'எரிகிறது'. 2002இல் மென்தாலுக்கும் குளிருக்கும் பொதுவான டிஆர்பிஎம்8 கண்டறியப்பட்டது. ஆர்டெம் படபூட்டியன் குழு 72 மரபணுக்களை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்து, கடைசியாக அழுத்தம் உணரும் பீசோ1 வாயிலை 2010இல் கண்டறிந்தது. தொடுகைக்கு முதன்மையான பீசோ2வும் அப்போதே கிடைத்தது. ஜூலியஸும் படபூட்டியனும் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

முடிவுரை

தூண்டலை முதலில் வாங்கும் ஏற்பிகளின் மட்டத்தில் தனிப்பாதைத் தரப்பு பெரிதும் வென்றது. ஆனால் துன்பெர்க்கின் கம்பிகளுக்கு ஏற்பிகள் மட்டும் விடை தரவில்லை. 1994இல் கிரெய்கும் புஷ்னெல்லும் பூனையின் தண்டுவடத்தில் அளந்தபோது, குளிரை மட்டும் உணரும் நரம்பணுக்களின் செயல்பாடு கம்பி அடுக்கினால் குறைவதையும், வலியோடு தொடர்புடைய நரம்பணுக்கள் அவ்வாறு குறையாததையும் கண்டனர். இரண்டின் விகிதம் மாறுவதே எரிச்சலாக உணரப்படுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பிரித்து ஏற்பது தோலின் பணி. ஒப்பிட்டுப் பொருள் கொள்வது தண்டுவடத்தின், மூளையின் பணி.

மருத்துவம் இவ்விரு கட்டங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டியுள்ளது. டிஆர்பிவி1ஐ முடக்கும் வலிநிவாரணிகளைச் சோதித்தபோது சிலருக்கு உடல் வெப்பம் உயர்ந்தது. அந்த வாயில் வலியோடு உடல் வெப்பச் சீராக்கத்திலும் பங்கேற்பது அதனால் வெளிப்பட்டது. பீசோ2 இல்லாமல் பிறந்தவர்கள் கண்ணை மூடினால் தங்கள் கை கால் இருக்கும் நிலையை அறியாமல் தடுமாறுகிறார்கள். பார்வையின் துணையோடு நடக்கப் பழகியிருக்கிறார்கள். ஒரு வாயில் பல பணிகளில் கைகொடுக்கிறது. ஒரு புலன் குறைந்தால் மற்றொன்று ஈடுசெய்கிறது. வலிக்கு மருந்து தேடுவோர் ஏற்பியை மட்டும் குறிவைத்தால் போதாது. அதன் செய்தி மற்றச் செய்திகளோடு எங்கே, எப்படிச் சேர்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.