புழுங்கல் அரிசி காத்த உயிர்கள்: மலாயாவில் பெரிபெரி

முதலில் கால் மரத்துப் போகும். பிறகு வீங்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். நடை தள்ளாடும். ஒரு நாள் மூச்சு வாங்கி, இதயம் நின்றே போகும். பெரிபெரி என்னும் இந்த நோயின் பெயரை இன்றைய இளையோரில் பலர் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்கள். நூறாண்டுகளுக்கு முன் மலாயாவின் மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் ஈயச் சுரங்கங்களிலும் மலேரியாவைப் போலவே மக்களை நடுங்க வைத்த நோய் இது.

இந்த நோய்க்கு ஒரு விசித்திர குணம் இருந்தது. சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களை அது கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. தோட்டத்துத் தமிழர்களை அவ்வளவாகத் தீண்டவில்லை. கம்பத்தில் தாங்களே நெல்லைக் குத்திச் சாப்பிட்ட மலாய்க்காரர்களிடமும் அது அரிதாகவே காணப்பட்டது. தமிழர்கள் என்ன, இரும்பிலா செய்யப்பட்டவர்கள்? மலேரியாவும் வயிற்றுப்போக்கும் அவர்களை லயம் லயமாகக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. அப்படியிருக்க, பெரிபெரி மட்டும் ஏன் விலகி நின்றது?

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிரேடன் சாப்பாட்டுத் தட்டைக் கவனித்தார். சீனத் தொழிலாளர்கள் உண்டது, சயாமிலிருந்து வந்த, ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. தீட்டிய பச்சரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்பது பிரேடனின் கணிப்பு. 1907இல் இதைப் பெரிய நூலாகவே எழுதினார். அவர் சொன்ன காரணம் தவறு. கைகாட்டிய இடம் சரி.

அதைச் சோதித்துப் பார்த்தவர் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியின் மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர். 1905ஆம் ஆண்டு அந்த விடுதியில் பெரிபெரி புகுந்து பல உயிர்களைக் கொண்டுபோனது. அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள், நோயாளிகள் அனைவரையும் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிற்க வைத்து எண்ணினார்கள். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் கிழக்குக் கட்டடத்துக்கு, இரட்டைப்படை எண் வந்தவர்கள் மேற்குக் கட்டடத்துக்கு. கட்டடங்கள் இரண்டும் ஒரே மாதிரி. கறி, காய், உப்பு எல்லாம் ஒன்றே. அரிசி மட்டும் வேறு. கிழக்கே சயாம் பச்சரிசி, மேற்கே இந்தியப் புழுங்கல் அரிசி.

ஓராண்டு முடிந்தது. பச்சரிசி உண்ட ஏறக்குறைய 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் கண்டது. அவர்களில் 18 பேர் மாண்டார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்களில் பெரிபெரியால் ஒருவர்கூடச் சாகவில்லை. மருத்துவ உலகின் புகழ்பெற்ற 'லான்செட்' இதழில் 1907இல் இந்த முடிவு வெளியானது.

இந்தச் சோதனையை உணவுமுறை ஆய்வின் முன்னோடி என்று பாராட்டுகிறார்கள். பாராட்டுக்குரியதுதான். ஆனால் அந்த வரிசையில் நின்றவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லக்கூடிய நிலையில் பலர் இல்லை. எந்த அரிசி கொல்லும் என்று ஃபிளெட்சருக்கு முன்கூட்டித் தெரியாது, உண்மை. என்றாலும், ஒரு பக்கம் மட்டும் ஒவ்வொருவராகச் சாய்ந்தபோது சோதனையை ஏன் உடனே நிறுத்தவில்லை என்ற கேள்வி இன்றைய வாசகருக்கு எழாமல் இராது. ஃபிளெட்சரின் பெயர் நூல்களில் இருக்கிறது. அந்தப் பதினெட்டுப் பேரை இன்று நினைப்பவர் அரிது.

அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃபிரேசரும் ஸ்டேன்டனும் ஜெலுபுவில் சாலை போட்ட சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தனர். வெள்ளை அரிசி உண்ட கூட்டத்தில் நோய் வந்தது. அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள். நோயும் அடுத்த கூட்டத்துக்கு மாறிற்று! அரிசியில் நஞ்சு இல்லை, தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஒரு சத்து வெளியேறிவிடுகிறது என்று அவர்கள் 1909இல் அறிவித்தனர். அந்தச் சத்து 1926இல் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், பிரித்தெடுக்கப்பட்டது. வைட்டமின் பி1, அல்லது தயாமின் என்கிறோம்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள இந்தச் சத்து உள்ளே அரிசி மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் அதில் ஒரு பகுதி தங்கிவிடும். நம் பாட்டிமார் வைட்டமினை அறிந்தா நெல் அவித்தார்கள்? இல்லை. அரிசி நொறுங்காது, பூச்சி அரிக்காது என்றுதான் அவித்தார்கள். வாடை அடிக்கிறது என்று சிலர் முகஞ்சுளித்த அரிசி, கூலிக்காரனின் காலை வீங்க விடாமல் காத்தது.

காத்தது அரிசிதானே தவிர இரத்தம் அல்ல. ஜப்பானியர் காலத்தில் அது கொடூரமாக நிரூபணமாயிற்று. 1942க்குப் பிறகு இறக்குமதி அரிசி வெகுவாகக் குறைந்தது. தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்கே சாப்பாடு. சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களுக்குக் கிடைத்தது அரைவயிற்று வெள்ளைச் சோறு. காலரா, மலேரியாவோடு பெரிபெரியும் அங்கே அவர்களைக் கொன்றது. புழுங்கல் அரிசி போனதும் பாதுகாப்பும் போய்விட்டது.

இன்று வெள்ளை அரிசி உண்பவர்கள் பயப்படத் தேவையில்லை. பருப்பு, முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலிருந்து தயாமின் கிடைத்துவிடுகிறது. ஆனால் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு நாள்தோறும் மது அருந்துபவர்களுக்கும், விடாத வாந்தியால் அவதிப்படுபவர்களுக்கும் இந்நோய் இப்போதும் வரலாம். பார்ப்பதற்கு இதய நோய் போலவே இருக்கும். உரிய நேரத்தில் தயாமின் ஊசி போட்டால் சில மணி நேரத்திலேயே தேறத் தொடங்குவார்கள். கால் வீங்கி மூச்சு இரைக்கும் ஒருவரைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும் வீட்டார், அவர் என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு குடிக்கிறார் என்பதை டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும்.