'மூர்' என்று நமக்குப் பெயர் வைத்தது யார்?



வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், அகராதியில் 'மூர்' என்றால் மேட்டுநிலம் என்று இருக்கு. பிறகு ஏன் நமக்கு 'சிலோன் மூர்' என்று எழுதுறாங்க?"

நல்ல கேள்வி. ஆங்கிலத்தில் அது ஒரே உச்சரிப்புள்ள மூன்று சொற்கள். ஒன்று, பிரித்தானியாவின் புதர் படர்ந்த மேட்டுநிலம். மற்றது, கப்பலைக் கயிற்றால் கட்டி நிறுத்துவது. இவை இரண்டுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை.

மூன்றாவதுதான் நம்முடையது. பண்டைய ரோமர் வடமேற்கு ஆபிரிக்க மக்களை 'மௌரி' என்றார்கள். 711இல் அங்கிருந்து ஸ்பெயினுக்குள் நுழைந்த முஸ்லிம்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்களோடு நெடுங்காலம் போரிட்ட போர்த்துக்கேயர் 1505இல் இங்கு வந்தார்கள். இங்கே கண்ட முஸ்லிம்களையும் அதே பெயரால் அழைத்தார்கள். ஆங்கிலேயர் அதைக் குடிசன மதிப்பீட்டில் பதிந்தார்கள்.

பெயர் பிறகு அரசியலானது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் நூல் எழுதி மறுத்தார்.

'சோனகர்' என்ற சொல்லோ சோழர் காலக் கல்வெட்டிலேயே உண்டு. போர்த்துக்கேயர் வருமுன்பே தமிழ் அறிந்திருந்த பெயர் அது. பிள்ளைகளிடம் இரண்டு பெயர்களின் கதையையும் சொல்லுங்கள். எது நாம் பேசும் மொழியில் வந்தது, எது பிறர் சூட்டியது என்று அவர்கள் தெரிந்து வளரட்டும்.