காமின்ஸ்கி டி.என்.எஸ். வழு

காமின்ஸ்கி டி.என்.எஸ். வழு என்பது ஆள்களப் பெயர் வழங்கி மென்பொருட்களில் 2008 ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட ஒரு பாதுகாப்புக் குறைபாடு ஆகும். அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளரான டான் காமின்ஸ்கி இதனைக் கண்டறிந்தார். சி.வி.ஈ-2008-1447 என்னும் எண்ணால் இது குறிக்கப்படுகிறது. இது ஒரு நிறுவனத்தின் நிரலில் மட்டும் நேர்ந்த பிழை அன்று. நெறிமுறையின் வடிவமைப்பிலேயே இருந்த வலுவின்மை. ஆகவே பல நிறுவனங்களின் மென்பொருட்கள் ஒரே நாளில் திருத்தப்பட வேண்டியதாயிற்று.

பின்னணி

இணையத்தளப் பெயர்களை ஐ.பி. முகவரிகளாக மாற்றித் தரும் ஆள்களப் பெயர் முறைமையை பால் மொக்கபெட்ரிஸ் 1983 இல் வடிவமைத்தார். பயனர் ஒரு பெயரைத் தட்டச்சு செய்யும்போது, அவருடைய இணையச் சேவை நிறுவனத்தின் தேடல் வழங்கி அப்பெயருக்கு உரிய வழங்கியிடம் கேள்வி அனுப்பி விடை பெறுகிறது. பெற்ற விடையைக் குறிப்பிட்ட காலம் வரை தனது இடைமாற்று நினைவகத்தில் வைத்துக் கொள்கிறது. அங்கே பொய்யான விடையைப் புகுத்துவதே நச்சூட்டல் எனப்படுகிறது. அவ்வாறு புகுத்தப்பட்டால், வங்கியின் பெயரைச் சரியாகத் தட்டச்சு செய்தவரும் திருடனின் தளத்தைச் சென்றடைவார். பயனரின் கணினியில் எந்தக் குறையும் இராது.

வழுவின் இயல்பு

வந்த விடை உண்மையானதா என்பதை அறிய, கேள்வியுடன் அனுப்பிய 16 பிட் எண் அவ்விடையிலும் உள்ளதா என்று தேடல் வழங்கி பார்க்கிறது. இதற்கு 65,536 வாய்ப்புகளே உண்டு. உண்மையான விடை வருமுன் இவ்வெண்ணை ஊகித்துப் பொய்விடை அனுப்புபவர் வெற்றி பெறுவார். இந்த ஆபத்து முன்னரே அறியப்பட்டதுதான். ஆயினும் ஊகம் தவறினால் உண்மையான விடை நினைவகத்தில் பதிந்துவிடும். அது காலாவதியாகும் வரை, சில வேளைகளில் ஒரு நாள் முழுவதும், தாக்குபவர் காத்திருக்க வேண்டும். எனவே பெரும்பாலானோர் இதனைப் பெரிய ஆபத்தாகக் கருதவில்லை.

இந்தக் காத்திருப்பு தேவையில்லை என்பதே காமின்ஸ்கி கண்டது. தாக்குபவர் அ1.எடுத்துக்காட்டு.காம், அ2.எடுத்துக்காட்டு.காம் என்று இல்லாத பெயர்களை வரிசையாகக் கேட்கச் செய்கிறார். அவை நினைவகத்தில் இல்லாததால் ஒவ்வொன்றுக்கும் புதிய கேள்வி எழுகிறது. ஒவ்வொரு கேள்வியும் ஒரு புதிய வாய்ப்பு. பொய்விடையோ அ1 என்ற பெயரைப் பற்றியதாக மட்டும் இருப்பதில்லை. "இந்த ஆள்களத்துக்கு உரிய வழங்கி இன்ன முகவரியில் உள்ளது" என்ற கூடுதல் தகவலையும் அது சுமந்து வருகிறது. அதே ஆள்களத்தைச் சேர்ந்த தகவல் என்பதால் தேடல் வழங்கி அதனை ஏற்றுக்கொள்கிறது. ஒருமுறை வென்றால் முழு ஆள்களமும் தாக்குபவர் வசமாகிறது. இதற்குச் சில நொடிகளே போதுமானதாக இருந்தது.

திருத்தம்

காமின்ஸ்கி தனது கண்டுபிடிப்பை வெளியிடாமல் முதலில் பால் விக்சியிடம் தெரிவித்தார். பைண்ட் மென்பொருளின் வளர்ச்சியில் விக்சிக்குப் பெரும்பங்கு உண்டு. 2008 மார்ச் 31 அன்று ரெட்மண்டில் உள்ள மைக்ரோசாப்ட் வளாகத்தில் 16 வல்லுநர்கள் கூடினர். அவர்கள் முன் இருந்த சிக்கல் வழக்கத்துக்கு மாறானது. ஒரு திருத்தம் வெளியானதும், அதனைப் பழைய நிரலுடன் ஒப்பிட்டு வழு எங்குள்ளது என்று அறிவது எளிது. வழுவைக் காட்டிக் கொடுக்காமலேயே அதை அடைக்கும் திருத்தம் தேவைப்பட்டது.

அதுவரை பல மென்பொருட்கள் எல்லாக் கேள்விகளையும் ஒரே துறையெண்ணிலிருந்து அனுப்பி வந்தன. இனி ஒவ்வொரு கேள்விக்கும் துறையெண்ணைத் தற்போக்காகத் தேர்ந்தெடுப்பது என முடிவாயிற்று. இதனால் ஊகிக்க வேண்டிய வாய்ப்புகள் 65 ஆயிரத்திலிருந்து நூற்றுக்கணக்கான கோடிகளாகப் பெருகும். பல வகைத் தாக்குதல்களுக்கும் இது பொதுவான தடை என்பதால், எந்தத் தாக்குதலை மனதில் வைத்துச் செய்யப்பட்டது என்பது வெளியே தெரியாது. இது புதிய கருத்தன்று என்பதையும் கூற வேண்டும். டானியல் பெர்ன்ஸ்டைன் தனது டி.ஜே.பி.டி.என்.எஸ். மென்பொருளில் பல ஆண்டுகளுக்கு முன்பே இதனைச் செயற்படுத்தியிருந்தார்.

2008 ஜூலை 8 அன்று மைக்ரோசாப்ட், சிஸ்கோ, பைண்ட் உள்ளிட்டவற்றின் திருத்தங்கள் ஒருங்கே வெளியாயின. விவரங்களை ஆகஸ்ட் மாதப் பிளாக் ஹாட் மாநாட்டில் அறிவிப்பதாகவும் அதுவரை ஊகங்களை வெளியிட வேண்டாம் என்றும் காமின்ஸ்கி வேண்டினார். இந்த இரகசியத்தைச் சிலர் குறைகூறினர். 13 நாட்களே தாங்கியது: ஜூலை 21 அன்று விவரம் கசிந்தது. ஓரிரு நாட்களில் தாக்குதல் நிரலும் மெட்டாஸ்பிளாய்ட் தொகுப்பில் சேர்ந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் திருத்தம் ஜூலை 31 அன்றே வந்தது.

நடைமுறைச் சிக்கல்கள்

திருத்தத்தை நிறுவியவர் அனைவரும் பாதுகாப்புப் பெற்றுவிடவில்லை. தீச்சுவர் விதிகளுக்கு ஏற்றவாறு, கேள்விகள் 53 ஆம் துறையிலிருந்தே செல்ல வேண்டும் என்று அமைப்புக் கோப்பில் எழுதி வைத்திருந்த நிர்வாகிகள் அவ்வரியை நீக்காவிட்டால் பயனில்லை. வழங்கிக்கு முன்னால் இருந்த சில முகவரி மாற்றுக் கருவிகள், தற்போக்கான துறையெண்களை மீண்டும் வரிசை எண்களாக மாற்றிவிட்டன. பைண்ட் மென்பொருளின் முதல் திருத்தம் மிகுந்த சுமையுள்ள வழங்கிகளில் வேகத்தைக் குறைத்ததால் அடுத்த பதிப்பு வெளியிடப்பட்டது. அதே ஆகஸ்டில், திருத்தப்பட்ட பைண்டையும் அதிவேக உள்ளகப் பிணையம் வழியாக ஏறத்தாழ 10 மணி நேரத்தில் ஏமாற்ற முடியும் என்று ஓர் உருசிய ஆய்வாளர் செய்து காட்டினார்.

பின்விளைவுகள்

துறையெண் மாற்றம் வழுவை அரிதாக்கியதே தவிர நீக்கவில்லை. விடைகளுக்கு மின்னொப்பம் இடும் டி.என்.எஸ்.செக் முறையே முழுமையான தீர்வாகக் கருதப்படுகிறது. நெடுங்காலம் தேங்கிக் கிடந்த அம்முறைக்கு இந்நிகழ்வு ஊக்கம் அளித்தது; 2010 ஜூலை 15 அன்று இணையத்தின் வேர் வலயம் ஒப்பமிடப்பட்டது. எனினும் ஒப்பமிடாத ஆள்களங்கள் இன்றும் மிகப் பல. 2020 இல் வெளியான சேட் டி.என்.எஸ். ஆய்வு, தற்போக்கான துறையெண்ணையும் பக்கவழியாகக் கண்டறிய முடியும் என்று காட்டியது. அதன்பின் லினக்ஸ் கருனியில் மற்றொரு திருத்தம் செய்யப்பட்டது.