கண்ணியும் நூலும்: நீலகிரியில் ஒரு கைவேலையின் வரலாறு

தமிழில் ‘நூல்’ என்னும் ஒரே சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவர் இவ்விரு பொருளையும் ஓர் உவமையில் இணைத்துக் காட்டினார். சொற்கள் பஞ்சாகவும், புலவன் நூற்கும் பெண்ணாகவும், அவன் வாய் அவள் கையாகவும், அவன் அறிவு நூற்கும் கதிராகவும் அமைய நூல் உருவாகிறது என்பது அவர் கருத்து. புலவனுக்கு ஒப்புமை தேடிய அந்த இலக்கண ஆசிரியர் அரசனையோ வீரனையோ நாடவில்லை. வீட்டு மூலையில் அமர்ந்து நூற்கும் பெண்ணை நாடினார். அவருக்கும் பல நூற்றாண்டு முற்பட்ட சங்கப் பாடல்களில், இரவில் சிறு விளக்கின் ஒளியில் பஞ்சைத் தூய்மை செய்யும் பெண்ணொருத்தியைக் காண்கிறோம்.

வரலாறு என்றதும் போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் நினைக்கப் பழகிவிட்டோம். ஊசியும் இராட்டையும் நம் வரலாற்றுப் பாடங்களில் அரிதாகவே இடம்பெறுகின்றன. இக்கட்டுரையில் நீலகிரி மலையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் கம்பளி பின்னும் கைகளுக்குப் பின்னால் எத்தனை மனிதரின் கதை இருக்கிறது என்று காண முயல்வோம்.

குளிர் கற்பித்த கலை

உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் புல்வெளிகளில் உறைபனி வெண்துணி விரித்தாற்போல் படியும். சமவெளியில் கம்பளிச் சட்டை என்பது பெட்டிக்குள் கிடக்கும் பொருள். இங்கோ அது அன்றாட உடை. தேயிலை பறிக்கச் செல்லும் பெண், பள்ளிக்கு நடக்கும் சிறுவன், முதல் பேருந்துக்குக் காத்திருக்கும் முதியவர் என அனைவருக்கும் அது தேவை.

எனவே மலை வீடுகளில் பின்னல் என்பது பொழுதுபோக்கும் தேவையும் ஒன்றாய்க் கலந்த கலையாயிற்று. பிறக்கப்போகும் குழந்தைக்குக் குல்லாவும் காலுறையும், வயதான தந்தைக்குக் காதை மூடும் குரங்குக் குல்லா, பள்ளி செல்லும் மகனுக்குக் கையில்லாத ஸ்வெட்டர் என்று ஊசிக்கு எப்போதும் வேலை உண்டு. மகனுக்குச் சட்டை சிறுத்துப் போனால் அதை எறிவதில்லை. முடிச்சை அவிழ்த்து, நூலை உருவி, நாற்காலியின் முதுகில் சுற்றிக் கட்டி, நீரில் அலசி, சுருக்கம் நீங்க உலர்த்தி, அந்த நூலைக் கொண்டே தம்பிக்குப் பின்னுவார்கள். நெய்த துணியைக் கிழித்தால் கந்தல்தான் மிஞ்சும். பின்னிய ஆடையோ முழுவதும் கண்ணிகளால் ஆனது. ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி நுழைந்து நிற்கிறது. ஆகவே அதை அவிழ்த்து மீண்டும் தொடங்க முடிகிறது.

கைப்பின்னல் வருவதற்கு முன்பே இம்மலை ஊசியை அறிந்திருந்தது. தோடர் இனப் பெண்கள் ‘பூத்குளி’ என்னும் வெண்ணிறப் பருத்திப் போர்வையில் சிவப்பு, கறுப்பு இழைகளால் பூவேலை செய்கின்றனர். ‘புகூர்’ என்பது அவ்வேலையின் பெயர். தோடர்கள் தாமே துணி நெய்வதில்லை. சமவெளியிலிருந்து வரும் துணியை வாங்கி அதற்கு அழகூட்டுகின்றனர். வரைபடமோ அச்சோ அவர்களுக்கு வேண்டியதில்லை. துணியின் இழைகளை விரலால் எண்ணி எண்ணியே வடிவங்களை எழுப்புகின்றனர். இக்கலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மலைக்கு வந்த ஆடுகள்

கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் இம்மலைக்கு ஏறி வந்தார். அதன்பின் ஐரோப்பியர் இங்கே தம் நாட்டுக் காய்கறி, பழமரங்கள், மலர்கள் ஆகியவற்றோடு ஆடுகளையும் கொண்டுவந்தனர். கோயம்புத்தூர்ப் பகுதி ஆடுகளோடு தாஸ்மானிய மெரினோ, செவியட், சவுத் டவுன் என்னும் அயல் இனங்கள் கலந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘நீலகிரி ஆடு’ என்ற தனி இனம் உருவாயிற்று. பெரும்பாலும் வெண்ணிறம், அகன்று தொங்கும் காதுகள், மெல்லிய, மென்மையான கம்பளி. தென்னிந்திய ஆடுகளின் மயிர் பொதுவாகக் கரடுமுரடானது. கறுப்புக் கம்பளங்களுக்கே ஏற்றது. உடலை உறுத்தாத ஆடைக்குரிய மென்கம்பளி தருவது நீலகிரி ஆடே.

இந்த ஆட்டின் கம்பளியைக் கையால் நூற்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கத்தரித்த கம்பளியில் இயற்கையான கொழுப்பும் மண்ணும் புல்லும் கலந்திருக்கும். அதை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் தூய்மை செய்வர். சூடான நீரில் கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக் கட்டியாகிவிடும் என்பதால் இதில் அவசரம் ஆகாது. உலர்ந்தபின், கம்பிப் பற்கள் பதித்த இரு பலகைகளுக்கு இடையே வாரி இழைகளை ஒரே திசையில் படியவைப்பர். பிறகு தக்களியிலோ இராட்டையிலோ முறுக்கேற்றி நூலாக்குவர். தனி இழை எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும். ஆகவே இரண்டு இழைகளைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்குவார்கள். அப்போது ஒன்றின் முறுக்கை மற்றொன்று தாங்கிக்கொள்ள, நூல் அமைதி பெறுகிறது. இல்லறத்துக்கும் சமூக வாழ்வுக்கும் இதைவிடச் சிறந்த உவமை கிடைப்பது அரிது.

ஆனால் ஆட்டுக்குப் புல்வெளி வேண்டும். மலையின் புல்வெளிகளில் யூகலிப்டசும் சீகை மரமும் நடப்பட்டன. சரிவுகளைத் தேயிலை மூடியது. மேய்ச்சல் நிலம் சுருங்க ஆடுகளும் அருகின. எஞ்சியவற்றை இறைச்சிக்காகவும் எருவுக்காகவும் வளர்ப்பவர்களே மிகுதி. கம்பளியை விரும்பி வாங்குவோர் குறைவு. உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் சாண்டிநல்லாவில் உள்ள ஆட்டின ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தைக் காத்து வருகிறது. மெரினோ, ராம்பூலே கிடாக்களோடு கலந்து ‘சாண்டினோ’ என்ற புதிய இனத்தையும் அது உருவாக்கியது. இன்று கடைகளில் ‘உல்லன்’ என்று நாம் வாங்கும் நூலுருண்டைகளிலோ பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. மலையின் ஆடு ஒருபுறம் மறைய, மலையின் மக்கள் ஆடறியாத நூலைப் பின்னிக்கொண்டிருக்கிறார்கள்.

கன்னியர் மடங்களின் ஊசி

நம் திருச்சபை வரலாற்றில் உதகைக்குச் சிறப்பிடம் உண்டு. மதுரை மறைப்பணித்தளத்தில் பணியாற்றிய எலேன் தெ ஷாப்போத்தன் என்னும் பிரெஞ்சுத் துறவி, பாடுகளின் மரியா என்ற துறவுப் பெயர் பூண்டவர், 1876-இல் சகோதரிகள் பலரோடு உதகையில் வந்து சேர்ந்தார். அவர் உரோமை சென்று முறையிட, 1877 சனவரி 6-ஆம் நாள் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் புதிய சபைக்கு அனுமதி அளித்தார். பின்னாளில் மரியாவின் பிரான்சிஸ்கன் மறைபரப்புக் கன்னியர் சபை என உலகெங்கும் பரவிய துறவுக் குடும்பத்தின் வேர் நம் மலையில் இருக்கிறது. அன்னை அவர்கள் 2002 அக்டோபர் 20 அன்று அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். இச்சபையினர் பல நாடுகளில் பூந்தையல், பின்னல், நெசவுப் பட்டறைகளை நடத்திப் பெண்களுக்குத் தொழில் தந்தனர்.

இம்முயற்சி தமிழகத்துக்குப் புதியதன்று. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே லேஸ் பின்னலைக் கற்பித்தார். அதில் ஈட்டிய கூலியைக் கொண்டு அடிமைப் பெண்கள் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர் என்று அம்மறைபணியின் வரலாறு கூறுகிறது. 1897-இல் முளகுமூட்டுக்கு வந்த அன்னை மரி லூயிஸ் தெ மேஸ்டர் அவர்களின் சபையிலும் பின்னலும் பூந்தையலும் ஏழைப் பெண்களுக்கு வாழ்வு தந்தன. சிலருக்குப் பொழுதுபோக்காகிய அதே ஊசி வேறு சிலருக்கு விடுதலையின் கருவியாயிற்று.

கேத்தியில் பிறந்த ஊசிகள்

பின்னுவதற்கு நூல் மட்டும் போதாது, ஊசியும் வேண்டும். உதகைக்கும் குன்னூருக்கும் இடையே, கேத்தியை அடுத்து, 1949-இல் நீடில் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் தோன்றியது. அங்கே உருவான தையல் ஊசிகளும் பின்னல் ஊசிகளும் ‘போனி’ என்ற பெயரில் உலகின் பல நாடுகளை அடைந்தன. ஐரோப்பாவில் எங்கோ ஒரு பாட்டி தன் பேரனுக்குக் காலுறை பின்னிய ஊசி, நம் மலையின் பனியில் நடந்து வேலைக்கு வந்த ஒருவரின் கைபட்டதாக இருந்திருக்கலாம்.

இந்நிறுவனத்தின் பெயர் இந்தியச் சட்ட மாணவர் அனைவருக்கும் தெரியும். அந்நியச் செலாவணிச் சட்டத்தின்படி வெளிநாட்டினரின் பங்கைக் குறைக்க வேண்டியிருந்தது. 1977-இல் புதிய பங்குகள் வழங்கப்பட்டபோது, ஆங்கிலப் பங்குதாரர் நிறுவனத்துக்கு அனுப்பிய கடிதம் உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை. பங்குகள் இந்தியப் பங்குதாரர்களுக்கே சென்றன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1981-இல் வந்த தீர்ப்பு, இச்செயல் சட்டத்தின் பார்வையில் ஒடுக்குமுறை ஆகாது என்றது. ஆயினும் ஒரு தரப்பு மற்றத் தரப்பின் இழப்பில் ஆதாயம் பெறுவது நியாயமன்று என்று கூறி, 8,54,550 ரூபாயை ஆங்கில நிறுவனத்துக்குக் கொடுக்கப் பணித்தது. வழக்கில் வென்றவரும் ஈடு செய்ய வேண்டும் என்ற இந்த நீதி, நம் மனச்சான்றைத் தொடுகிறது.

கணக்கும் கைம்மாறும்

1924-இல் பெல்காம் காங்கிரசில் காந்தியடிகள் தலைமையேற்றபோது, உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கெஜம் நூல் அளிக்க வேண்டும் என்ற விதி ஏற்கப்பட்டது. வழக்கறிஞரும் செல்வரும் நூற்க வேண்டும். அப்போதுதான் உழைப்பவரின் உழைப்பு இன்னதென்று அவர்களுக்குப் புரியும் என்பது அவர் எண்ணம். அரிசன நிதிப் பயணத்தின்போது 1934-இன் தொடக்கத்தில் அவர் குன்னூரில் தங்கினார்.

அவருடைய எண்ணத்தின் உண்மையைப் பின்னுகிறவர்கள் நன்கு அறிவார்கள். வயது வந்தவருக்கு ஒரு ஸ்வெட்டர் பின்ன ஏறத்தாழ அரைக்கிலோ கம்பளியும் நாற்பது, ஐம்பது மணி நேரமும் ஆகும். நூலையும் கையாலேயே நூற்பதென்றால் அந்நேரம் பல மடங்காகும். உதகையின் கடைவீதியில் லூதியானா ஆலைகளின் ஆடைகள் அந்த உழைப்புக்கு உரிய கூலியில் ஒரு சிறு பகுதிக்கே கிடைக்கின்றன. வணிகக் கணக்கில் கைப்பின்னல் தோற்றுப்போன கலையே. பொழுதுபோக்காகப் பின்னுகிறவர் தம் நேரத்துக்கு விலை கேட்பதில்லை; அன்புக்காகப் பின்னுகிறார். ஆனால் அதே கைவேலையால் அடுப்பெரிக்க வேண்டிய பெண் விலை கேட்டே ஆக வேண்டும். அவளிடம் நாம் ஆலை விலையைக் காட்டிப் பேரம் பேசுகிறோம். சுற்றுலா வந்த நாம் தோடர் போர்வையைக் கையிலெடுத்து, ‘இதற்கா இவ்வளவு?’ என்று கேட்கும்போது, அவள் எண்ணிய இழைகளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு முழம் நூலாவது தம் கையால் நூற்றவர் அப்படிக் கேட்கத் தயங்குவார்.

தையலில்லா அங்கி

ஜெர்மனியின் ஹம்பர்க் கலைக்கூடத்தில் ஓர் ஓவியம் உண்டு. 1400-ஆம் ஆண்டையொட்டி, பூக்ஸ்டஹூட நகரின் துறவு மடத்துப் பீடத்துக்காக ஓவியர் பெர்ட்ராமின் பட்டறையில் தீட்டப்பட்டது. அதில் அன்னை மரியா நான்கு ஊசிகளைக் கொண்டு ஒரு சிறு சட்டையை வட்டமாகப் பின்னிக்கொண்டிருக்கிறார். கழுத்துப் பகுதி முடியும் தறுவாயில் இருக்கிறது. குழந்தை இயேசு புல்தரையில் புத்தகத்தோடு படுத்தவாறு திரும்பிப் பார்க்கிறார். அங்கே வானதூதர் இருவர் சிலுவையையும் ஈட்டியையும் ஆணிகளையும் ஏந்தி நிற்கின்றனர்.

கல்வாரியில் படைவீரர் கிழிக்க மனமின்றிச் சீட்டுப் போட்ட தையலில்லா அங்கியை யோவான் நற்செய்தி குறிப்பிடுகிறது. அதைத் தாயே செய்தார் என்று பழங்காலக் கிறிஸ்தவர் நம்பினர். வரப்போகும் துன்பத்தைத் தடுக்க அந்த ஓவியத்துத் தாயால் இயலாது. மகன் உடலுக்குக் குளிர் தெரியாமல் இருக்க வேண்டும் என்று அவர் பின்னிக்கொண்டே இருக்கிறார்.

நீலகிரியின் பனிக்கால மாலைகளில், தேயிலைத் தோட்ட வரிசை வீடுகளிலும் உதகையின் பழைய தெருக்களிலும் அடுப்பருகே அமர்ந்து பின்னுகிறவர்கள் இந்த ஓவியத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள். யாரேனும் காட்டினால், அன்னையின் விரல் ஊசியைப் பிடித்திருக்கும் விதத்தை அவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.