வீட்டுத்தோட்டம்: மாசியில் காய்ப்பதைக் கார்த்திகை வரை வைத்திருப்பது எப்படி?

மாசி, பங்குனி மாதங்களில் வடக்கில் தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் கத்தரிக்காய் அயலுக்குக் கொடுத்தும் முடியாமல் கிடக்கும். வெண்டிக்காய் பறிக்க ஆளின்றி முற்றும். அதே வீடுகள் கார்த்திகை மழையில் சந்தைக்குப் போய், விலையைக் கேட்டுவிட்டு ஒரு கிலோ வாங்க நினைத்த இடத்தில் கால் கிலோவுடன் திரும்பும். புதிதாகத் தோட்டம் தொடங்குபவர்கள் பலர் இரண்டாம் ஆண்டிலேயே கைவிடுவதற்கு இதுவே முக்கிய காரணம் என்று தோன்றுகிறது. பயிர் வளர்வதில் பெரிய சிக்கல் இல்லை. மலிவாக இருக்கும்போது நம் வளவிலும் நிறையக் காய்க்கிறது, விலை ஏறும்போது வளவிலும் ஒன்றும் இல்லை என்பதுதான் சிக்கல்.

2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. அடுத்த ஆண்டு பொருளாதார நெருக்கடி வந்தது. 2022 ஜூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னது அரசாங்கம். அப்போது நாடெங்கும் நடப்பட்ட கன்றுகளில் எத்தனை வீடுகளில் இன்றைக்கும் தோட்டமாக நிற்கின்றன என்று உங்கள் ஒழுங்கையிலேயே எண்ணிப் பார்க்கலாம். நடுவதற்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், காய்த்ததை என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தை வடக்கில் வாழ்ந்து கடந்த தலைமுறைக்கு இது தெரிந்த விடயம். வத்தல், வடகம், மோர்மிளகாய், ஊறுகாய் எல்லாம் அவர்களுக்குச் சோற்றோடு தொட்டுக்கொள்ளும் பொருள் மட்டுமல்ல, மழைக்காலத்துக்கான கையிருப்பு.

ஆகவே கன்று வாங்கப் போகுமுன், மழைக்காலத்தில் உங்கள் குசினியில் என்னென்ன போத்தல்கள் நிரம்பியிருக்க வேண்டும் என்று முதலில் எழுதுங்கள். தோட்டத்தின் அளவை அதிலிருந்து தீர்மானிக்கலாம்.

எவ்வளவு நடுவது?

நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு முதலாம் ஆண்டில் கால் பரப்பு, அதாவது இரண்டரை பேர்ச்சஸ், தாராளமாகப் போதும். மிளகாய் 24 கன்று, கத்தரி 6, தக்காளி 8, வெண்டி 15, பயித்தை 10, பந்தலில் பாகல் இரண்டு கொடி, புடோல் இரண்டு கொடி, ஒரு சிறு பாத்தியில் கீரை. வேலியோரம் முருங்கைக் கதியால் ஒன்று. இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். ஒரு பரப்பு முழுவதும் கொத்திப் பாத்தி கட்டியவர்கள் களை பிடுங்கியே களைத்துப்போவதுண்டு.

மிளகாயை ஏன் இவ்வளவு? இலங்கை பாவிக்கும் செத்தல் மிளகாயில் பெரும்பகுதி இறக்குமதி, அதுவும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து. டொலர் ஏறினால் மிளகாய்த்தூளும் ஏறும். கன்றுக்குக் கால் கிலோ பழம் என்று குறைத்தே கணக்கிட்டாலும் 24 கன்றில் 6 கிலோ. நன்றாகக் காய்ந்தால் நான்கில் ஒரு பங்கு நிற்கும் என்று வைத்தால் ஒன்றரைக் கிலோ செத்தல். வீட்டுத்தோட்டத்தில் பணக்கணக்குப் பார்த்தால் முதலிடம் மிளகாய்க்கே.

இனங்களில் விவசாயத் திணைக்களத்தின் எம்.ஐ-1, எம்.ஐ-2, கே.ஏ-2 போன்ற மிளகாய்கள் பழகியவை. எம்.ஐ என்பது மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கும். கத்தரியில் திருநெல்வேலி ஊதா இருக்கவே இருக்கிறது. கடையில் விற்கும் கலப்பின விதைகள் நன்றாகக் காய்க்கும். ஆனால் அதன் பழத்திலிருந்து எடுக்கும் விதை தாயைப் போல வராது. அடுத்த ஆண்டு விதைக்கும் காசு கொடுக்க விரும்பாதவர்கள் திணைக்களத்தின் சாதாரண இனங்களையே கேட்டு வாங்க வேண்டும். பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கலாம். திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி ஆலோசனைச் சேவையும் உண்டு.

நாற்றிலிருந்து காய் வரை

வடக்கில் ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. கார்த்திகையில் நடும் கன்று வெள்ளத்தில் அழுகுவதற்கே வாய்ப்பு அதிகம். புதியவர்களுக்குப் பாதுகாப்பான வழி, கார்த்திகையில் மேலே மறைப்புக் கட்டிய உயர்ந்த நாற்றுமேடையில் விதைத்து, கடும் மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியிலோ தை முற்பகுதியிலோ நடுவது. மலையகத்தில் மழையும் குளிரும் வேறு, அங்குள்ளவர்கள் இந்த நாட்கணக்கைப் பின்பற்ற வேண்டாம்.

நாற்றுமேடையின் மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்து, ஆறிய பின் விதைத்தால் நாற்றழுகல் குறையும். தக்காளி நாற்று மூன்று முதல் நான்கு வாரத்திலும், மிளகாயும் கத்தரியும் நான்கு முதல் ஐந்து வாரத்திலும் நடுவதற்கு வரும். வெண்டி, பயித்தை, பாகல், புடோல், கீரை ஆகியவற்றை நேரே நிலத்தில் ஊன்ற வேண்டும். மிளகாய்க்கு ஒன்றரை அடி, கத்தரிக்கு மூன்று அடி இடைவெளி. சிறு கன்றுகளைப் பார்க்கும்போது அந்த மூன்று அடி வீணாகத் தெரியும். இரண்டு மாதத்தில் தெரியாது. ஒரு நாளில் குறைந்தது ஆறு மணி நேர வெயில் விழாத இடத்தில் காய்கறி வைப்பதில் பயனில்லை. மாமர நிழலில் வல்லாரை, பொன்னாங்காணி வைக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நடாதீர்கள். வெண்டியையும் பயித்தையையும் மூன்று வார இடைவெளியில் இரண்டு தடவையாக ஊன்றினால், பறிப்பும் காயப்போடும் வேலையும் ஒரே வாரத்தில் வந்து குவியாது.

மண்ணுக்கு மக்கிய மாட்டெரு அல்லது ஆட்டெரு, பூவரசு அல்லது கிளிசரியா இலை, குசினிக் கழிவு போட்ட கூட்டெரு. பச்சை எருவை நேரே கன்றின் அடியில் போட்டால் வேர் கருகும். குறைந்தது மூன்று மாதம் மக்கட்டும். சாம்பல் பற்றி ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கன்றுக்குப் போடும் பழக்கம் உண்டு. குடாநாட்டு மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருப்பதால் மண் ஏற்கெனவே காரத்தன்மை உடையது. சாம்பல் அதைக் கூட்டும். இலைமேல் கொஞ்சம் தூவுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பசளை விலை குறைந்தால் யூரியாவை அள்ளிப் போடத் தோன்றும். வளவுக் கிணற்றிலேயே குடிதண்ணீரும் அள்ளுகிறோம் என்பதை நினைத்தால் போதும். சுன்னாகம் உள்ளிட்ட விவசாயப் பகுதிகளின் கிணறுகளில் நைத்திரேற்று அதிகரித்திருப்பதற்குப் பசளை ஒரு முக்கிய காரணம்.

தை பிறந்தபின் தண்ணீர்தான் வேலை. காலையில் அடிமண் நனையும்படி ஊற்றி, மேலே காய்ந்த இலை, வைக்கோல் அல்லது பழைய கிடுகு போட்டு மூடினால் ஊற்றும் தண்ணீர் பாதிக்குப் பாதி மிஞ்சும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வார்கள். அளவு எப்படியிருந்தாலும் மூடிய பாத்தி பிந்தியே காயும்.

பூச்சிகளில் மூன்றை மட்டும் முதல் ஆண்டில் அடையாளம் கண்டால் போதும். கத்தரியின் நுனித் தண்டு திடீரென வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. வாடிய இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டி எரிக்க வேண்டும், சேர்த்து வைத்துக் கூட்டெருவில் போடக்கூடாது. பாகல், புடோல் பிஞ்சுகளில் பழ ஈ குத்தும். பிஞ்சிலேயே கடதாசிப் பை கட்டிவிட்டால் மருந்தே தேவையில்லை. மிளகாய் இலை சுருண்டால் பேன் போன்ற சிறு பூச்சிகளோ சிற்றுண்ணியோ காரணமாகலாம். லீற்றருக்கு 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடித்து, சில துளி சவர்க்காரக் கரைசல் சேர்த்து மாலையில் இலையின் கீழ்ப்புறத்தில் விசிற வேண்டும். மழைக்காலத்தில் ஆபிரிக்க நத்தை வந்தால் கையுறையுடன் பொறுக்கி உப்புக் கரைசல் வாளியில் போடுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம், உப்பை மண்ணில் தூவவும் வேண்டாம்.

கடை மருந்து அடித்தால் லேபலில் உள்ள காத்திருப்பு நாட்கள் முடியும்வரை பறிக்கக்கூடாது. வத்தலுக்குப் போடும் காயில் இது இன்னும் முக்கியம். காயும்போது தண்ணீர் போகிறது. மருந்து முழுவதும் போய்விடுவதில்லை.

காயவைத்தல்

மாசி, பங்குனி வெயில் நம்முடைய பெரிய சொத்து. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றபோது, குளிர்சாதனப் பெட்டியில் சேமித்தவை கெட்டன. போத்தலில் இருந்த வத்தலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கத்தரி, வெண்டி, பாகல், பயித்தை நான்கையும் வத்தல் போடலாம். முற்றாத காயைக் கழுவித் துடைத்து, ஒரே தடிப்பில் மெல்லியதாக அரிய வேண்டும். தடிப்பு மாறினால் ஒன்று காய்ந்து ஒன்று பூக்கும். உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் இரண்டு நிமிடம் விட்டு வடித்து, ஓலைப்பாயிலோ உயரக் கட்டிய நைலோன் வலையிலோ ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். மேலே நுளம்பு வலை. காகத்துக்கும் அணிலுக்கும் மட்டுமல்ல, இலையானுக்கும் அது தேவை. தார் வீதியில் காயப்போடுவதைத் தவிர்க்க வேண்டும். வெயில் அங்கே நன்றாகத்தான் இருக்கும், வாகனப் புகையும் தூசும் சேர்ந்தே காயும். பொழுதுபட முன் உள்ளே எடுத்துவிட வேண்டும். இல்லையேல் பனியில் குடித்த ஈரத்தை மறுநாள் திரும்பக் காயவைக்க வேண்டிவரும். நல்ல வெயிலில் மூன்று நான்கு நாள். வளைத்தால் முறிய வேண்டும், வளைந்து கொடுத்தால் இன்னும் ஒரு நாள்.

மிளகாயைச் சிவந்த பின் பறித்து, ஒரு நாள் நிழலில் குவித்து வைத்துப் பின் வெயிலில் போட்டால் நிறம் ஒன்றுபோல வரும். குலுக்கினால் உள்ளே விதை சலசலக்க வேண்டும். மோர்மிளகாய்க்கு முற்றிய பச்சைமிளகாய். காம்பை விட்டு நடுவில் கீறி, உப்பிட்ட புளித்த மோரில் இரவு ஊறவிட்டு, பகலில் காயவைத்து, மோர் வற்றும்வரை இதையே தொடர வேண்டும். பிறகு மொறுமொறுவென்று ஆகும்வரை வெயில். பங்குனி, சித்திரையில் வேப்பம்பூ கிடைக்கும்போது உளுத்தம்மா, வெங்காயம், செத்தல், பெருஞ்சீரகம் சேர்த்து வடகம் தட்டலாம். இதற்குத் தோட்டமே வேண்டாம், வேம்பு போதும்.

காய்ந்ததைச் சூட்டோடு போத்தலில் அடைக்கக்கூடாது. ஆறவிட்டு அடைத்து, முதல் வாரம் தினமும் பாருங்கள். போத்தலின் உட்புறம் வியர்த்திருந்தால் உடனே மீண்டும் வெயிலுக்குப் போக வேண்டும். மழைக்காலத்தில் பெரிய போத்தலை அடிக்கடி திறக்காமல், சிறு போத்தல்களாகப் பிரித்து வைப்பது நல்லது.

பூஞ்சணம் பிடித்த மிளகாயைத் துடைத்துப் பாவிப்பது, வெயிலில் போட்டு அரைப்பது, இரண்டும் ஆபத்து. சரியாகக் காயாத மிளகாயில் வளரும் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு ஈரலைப் பாதிக்கும், புற்றுநோயையும் ஏற்படுத்தக்கூடியது. பொரித்தாலும் வறுத்தாலும் முழுதாக அழியாது. அந்தப் போத்தலையே கொட்டிவிட வேண்டும், மனம் வராவிட்டாலும்.

போத்தலில் அடைப்பது

தேசிக்காய் ஊறுகாயில் புளிப்பும் உப்பும் காவல். அச்சாறில் வினாகிரி காவல். பப்பாசிக்காய், சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கரட் சேர்த்து அச்சாறு போடும்போது வினாகிரிக்குத் தண்ணீர் கலந்து ஐதாக்காதீர்கள். லேபலில் அசற்றிக் அமிலம் 5 வீதம் என்று இருந்தால் நல்லது, 4 வீதம் என்றால் குளிரில் வைத்துச் சீக்கிரம் முடியுங்கள். தக்காளிச் சட்னிக்குத் தக்காளியின் புளிப்பை மட்டும் நம்பாமல் தேசிப்புளியோ வினாகிரியோ சேர்க்க வேண்டும்.

இப்போது யூரியூப்பைப் பார்த்து போஞ்சி, கரட், பயித்தங்காயை உப்புத்தண்ணீரில் அவித்துப் போத்தலில் இறுக்கி, அலமாரியில் மாதக்கணக்கில் வைக்க முயல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். புளிப்பில்லாத மரக்கறியைக் காற்றில்லாமல் அடைத்தால் பொட்டுலிசம் என்ற நஞ்சேற்றத்தை உண்டாக்கும் பற்றீரியா வளரலாம். அதன் வித்துகள் 100 பாகை கொதிநீரில் சாவதில்லை. சுமார் 120 பாகை வெப்பம் தரும் விசேட அமுக்கக் கலம் வேண்டும். வீட்டு அடுப்பில் பானைக்குள் போத்தலை வைத்துக் கொதிக்கவைப்பது அதற்கு ஈடாகாது. மணமோ நிறமோ மாறாமலே உணவு நஞ்சாகியிருக்கலாம். உள்ளியை எண்ணெயில் ஊறவைத்து வெளியே வைப்பதிலும் இதே ஆபத்து.

வீட்டில் உயர் குருதி அமுக்கம் உள்ளவர்கள் இருந்தால் வத்தலை உப்பில்லாமல் கொதிநீரில் காட்டிக் காயவைக்கலாம். வத்தலில் காவல் வறட்சிதான், உப்பு சுவைக்குத்தான். மோர்மிளகாய்க்கும் ஊறுகாய்க்கும் இந்தச் சலுகை இல்லை. அவர்கள் அவற்றைக் குறைத்தே சாப்பிட வேண்டும்.

பறிப்பு முடியுமுன் ஒவ்வொன்றிலும் நோயில்லாத நல்ல கன்றைத் தெரிந்து நூல் கட்டிவிடுங்கள். கத்தரியும் மிளகாயும் நன்றாகப் பழுக்க வேண்டும், வெண்டியும் பயித்தையும் கொடியிலேயே காய வேண்டும். விதையை எடுத்து நிழலில் உலர்த்தி, சாம்பலோடு கலந்து சிறு போத்தலில் அடைத்து, இனத்தின் பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்டுங்கள். பெயர் எழுதாத விதைப் போத்தல்கள் கார்த்திகையில் நாற்றுமேடை போடும்போது ஒருவருக்கும் உதவுவதில்லை.