தாமிரபரணியில் ஒற்றைப் படகு

கயாக் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது டிஸ்கவரி சானல்தான். தலைக்கவசம் மாட்டிய ஒருவர், பாறைகளுக்கு நடுவே நுரை தள்ளும் ஆற்றில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே போவார். ஆனால் கயாக்கில் இன்னொரு வகைப் பயணமும் உண்டு. சாதுவான ஆற்றில், ஒரே ஆள், நாலைந்து நாள் மெதுவாகப் போவது. நம்ம தாமிரபரணியில் அப்படி ஒருவர் போனால் என்னென்ன பார்ப்பார்? மேப்பை விரித்து வைத்துக்கொண்டு யோசித்ததில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் கயாக் வரலாறு. வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் வேட்டைப் படகு அது. மரம், எலும்பு ஆகியவற்றால் சட்டம் கட்டி, மேலே சீல் தோலைப் போர்த்தியிருப்பார்கள். ஒருவர் உட்கார மட்டும் ஒரு துளை இருக்கும். இரண்டு பக்கமும் பட்டை உள்ள துடுப்பு. இதைப் பொழுதுபோக்குப் பயணத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜான் மெக்கிரகர் என்ற ஸ்காட்லாந்து வக்கீல். 1865-இல் 'ராப் ராய்' என்ற 15 அடி நீளப் படகில் தனி ஆளாக ரைன், டான்யூப், சீன் என்று ஐரோப்பிய ஆறுகளைச் சுற்றி வந்தார். 1866-இல் புத்தகம் எழுதினார், பிரபலமானார். அவரது தந்திரம் ரொம்ப எளிமையானது. ஆற்றில் தடுப்பு வந்தால் படகைத் தூக்கிக்கொண்டு கரையேறுவது. ஒரு ஆற்றிலிருந்து இன்னொரு ஆற்றுக்குப் போக ரயிலிலோ வண்டியிலோ படகை ஏற்றிவிடுவது.

இந்தத் தூக்கும் வேலை தாமிரபரணியில் நிறையவே இருக்கும்! பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் இந்த ஆற்றின் நீளம் சுமார் 128 கி.மீ.தான். அதற்குள் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் வெள்ளைக்காரன் காலத்துக்கு முந்தியவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் கட்டியது. மருதூரிலிருந்து மேலக்கால், கீழக்கால் என்றும் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வடகால், தென்கால் என்றும் கால்வாய்கள் பிரிகின்றன. இந்த நான்கை நம்பி மட்டும் சுமார் 46,000 ஏக்கர் இருக்கிறது. நெல்லுக்கும் வாழைக்கும் தண்ணீர் பிரித்துக் கொடுக்கத்தான் நம் முன்னோர்கள் இந்த ஆற்றைப் பழக்கினார்கள். படகைப் பற்றி அவர்கள் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை.

அதனால் நம் படகுக்காரரைத் திருநெல்வேலியில் இறக்கி விடுவோம். அங்கிருந்து தூக்க வேண்டிய தடை இரண்டு பெரிய அணைக்கட்டுகள்தான். நேரம் தை, மாசி என்று வைத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் இறங்குவது உயிரோடு விளையாட்டு. சித்திரை வெயிலிலோ பாதி வழி படகைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டியிருக்கும்.

முறப்பநாடு தாண்டி, மருதூர் அணைக்கட்டில் ஒருமுறை படகைத் தூக்கி, கருங்குளம் கடந்தால் வலது கரையில் ஆதிச்சநல்லூர் பறம்பு வரும். 1876-இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டிப் பார்த்த இடம். பிறகு அலெக்சாண்டர் ரியா 1899 முதல் சில ஆண்டுகள் விரிவாக அகழ்ந்தார். முதுமக்கள் தாழிகள், இரும்புக் கருவிகள், வெண்கலப் பொருட்கள், தங்கப் பட்டங்கள் எல்லாம் வெளியே வந்தன. அடுத்தது ஸ்ரீவைகுண்டம், இரண்டாவது சுமை. இரு கரைகளிலுமாக நவதிருப்பதிக் கோயில்கள் இருக்கும் பகுதி இது.

அதற்கும் கீழேதான் ஏரல். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஆறு என்றால் சேர்மன் கோயில் படித்துறைதான். ஆடி அமாவாசைக்கு அங்கே ஆற்றில் முங்கி எழுகிற கூட்டத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் அதே ஆற்றில் நாலு மைல் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதோடு சரி.

போய்ப் பார்த்தால்தான் ஒரு விஷயம் புரியும். ஏரலுக்குக் கொஞ்ச தூரத்தில் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகம். கிரேக்கப் பயண நூலான பெரிப்ளஸ் இதைக் கொல்கி என்கிறது. மரண தண்டனை பெற்ற கைதிகளை வைத்து அங்கே முத்துக் குளிக்க வைத்தார்கள் என்றும் அது சொல்கிறது. 1968-69 அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம் சுமார் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. ஆனால் இன்று கொற்கையில் போய் நின்றால் கடலைக் காணோம்! வயலும் வாழையும் பனையும் பழைய வன்னி மரமும்தான். கடல் ஆறேழு கி.மீ. தள்ளிப் போய்விட்டது.

கடல் ஏன் போனது? இதை முதலில் விரிவாக எழுதியவர் கால்டுவெல். 1881-இல் வந்த அவரது திருநெல்வேலி வரலாற்று நூலில் விளக்கம் இருக்கிறது. மெதுவாக ஓடும் ஆறு, கடலைத் தொடும் இடத்தில் இன்னும் மெதுவாகும். வேகம் குறைந்ததும் சுமந்து வந்த மணலையும் வண்டலையும் போட்டுவிடும். வருஷா வருஷம் போட்டால் முகத்துவாரம் தூர்ந்து, கரை முன்னால் நகரும், கப்பல் வர முடியாது. கொற்கை இப்படிக் கைவிடப்பட்டதும் வியாபாரம் கடலோரமாகக் காயலுக்கு நகர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ பார்த்து வியந்த 'கேல்' பழையகாயல்தான் என்பது கால்டுவெல் முடிவு (காயல்பட்டினம் என்பவர்களும் உண்டு). அரேபியக் குதிரைகள் வந்து இறங்கிய அந்தத் துறையும் தூர்ந்தது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் காலூன்றியது புன்னைக்காயலில். கடைசியில் ஆற்று முகத்துக்கு வடக்கே தள்ளி இருக்கும் தூத்துக்குடி முந்திக்கொண்டது. அரசியல் காரணங்களும் இதில் உண்டு. இருந்தாலும் துறைமுகம் ஆற்றை விட்டே ஓடிப்போனது என்று சொல்லத் தோன்றுகிறது.

ஏரலிலிருந்து முக்காணி, ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயல் போகும் நம் படகுக்காரர், தெரியாமலேயே இந்த இரண்டாயிரம் ஆண்டுக் கதையை வரிசையாகக் கடந்துவிடுவார். அவருக்கு அடியில் இருக்கும் மணல்தான் ராஜாக்களை விடப் பெரிய கதாநாயகன்.

அந்த மணலின் இன்றைய கதை அவ்வளவு நன்றாக இல்லை. 2010-இல் நல்லகண்ணு ஐயா உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் தானே வாதாடி, தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை வாங்கினார். அவர் பிறந்ததே ஸ்ரீவைகுண்டத்தில்தான். 2023 ஏப்ரலில் முறப்பநாட்டுப் பகுதியில் மணல் கடத்தலைத் தடுத்த கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். துறைமுகங்களை மூடும் அளவுக்கு மணலைக் கொண்டுவந்த ஆற்றில், இன்று மணலைக் காப்பாற்ற ஒருவர் உயிரைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அதே ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. ஏரல் கடைவீதி முழுக்க வெள்ளம், பாலம் சேதம், ஊரே துண்டிக்கப்பட்டது. அன்று தெருவில் படகு வந்ததைப் பார்த்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். ஆற்றில் படகு போய்ப் பார்க்காதவர்களும் அவர்களே.

எனக்கு நீச்சலே சுமார்தான், எனவே நான் கிளம்பப் போவதில்லை. யாராவது துணிந்தவர்கள், லைஃப் ஜாக்கெட் போட்டு, உரியவர்களிடம் அனுமதி வாங்கி, ஒருமுறை போய் வாருங்கள். எந்த இடத்தில் மணல் இருக்கிறது, எந்த இடத்தில் பள்ளம் மட்டும் இருக்கிறது, சாக்கடை எங்கே கலக்கிறது, அமலைச்செடி எங்கே மூடியிருக்கிறது என்று எழுதி வையுங்கள். பாலத்தின் மேலிருந்து இது எதுவும் தெரியாது. கொற்கை மக்களுக்குத் தங்கள் துறைமுகம் தூர்வது எப்போது புரிந்ததோ? நமக்காவது கொஞ்சம் சீக்கிரம் புரியட்டும்.