மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் வரும் கை வீக்கம்: ஆரம்பத்திலேயே கவனியுங்கள்

அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் என எல்லாம் முடிந்து, "இனி பயமில்லை" என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஓராண்டோ இரண்டாண்டோ கழித்து ஒரு நாள், சிகிச்சை நடந்த பக்கத்துக் கையில் வளையல் ஏறவில்லை. மோதிரம் இறுகுகிறது. வலி இல்லை, கை மட்டும் கனமாக இருக்கிறது. பெரும்பாலான பெண்கள் இதை யாரிடமும் சொல்வதில்லை. முழுக்கை உடையும் புர்காவும் அணியும் நம் வீட்டுப் பெண்களுக்கு வீக்கம் வெளியே தெரிவதும் இல்லை. வீட்டார் கவனிக்கும்போது பல மாதங்கள் ஓடிவிடுகின்றன.

இதற்கு நிணநீர் வீக்கம், அதாவது லிம்ஃபெடிமா என்று பெயர். ரத்தக் குழாய்களைப் போலவே உடலெங்கும் நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. கையிலிருந்து திரும்பும் நிணநீர் அக்குளில் உள்ள முடிச்சுகள் வழியாகத்தான் செல்ல வேண்டும். புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கவும், பரவியிருந்தால் நீக்கவும் அந்த முடிச்சுகளை எடுப்பார்கள். ரேடியேஷனும் அங்கே தழும்பை உண்டாக்கலாம். போக வழியில்லாத நீர் கையில் தேங்குகிறது. அக்குள் முடிச்சுகளை மொத்தமாக எடுத்த பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறையில் வாய்ப்பு மிகக் குறைவு.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் 1921இல் இதை 'அறுவையால் வந்த யானைக்கால்' என்ற பொருள்படும் பெயரால் குறிப்பிட்டார். பெயர் அப்படியிருந்தாலும் இது கொசுவால் வரும் யானைக்கால் நோய் அல்ல; யாருக்கும் தொற்றாது. அக்கம்பக்கத்தில் யாராவது அப்படிச் சொன்னால் வீட்டார்தான் பதில் சொல்ல வேண்டும், பாதிக்கப்பட்டவர் அல்ல.

ஆரம்பத்தில் வீக்கத்தை விரலால் அழுத்தினால் குழி விழும். கையை உயர்த்தி வைத்தால் வற்றும். இந்த நிலையில் பிடித்தால் பெருமளவு கட்டுப்படுத்தலாம். விட்டுவிட்டால் தோல் தடித்து இறுகிவிடும். ஆகவே தையல்காரர் டேப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டிலும், அங்கிருந்து பத்துப் பத்து சென்டிமீட்டர் மேலேயும் இரண்டு கைகளையும் மாதம் ஒரு முறை அளந்து நோட்டில் எழுதுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பே ஒரு தடவை அளந்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. இரண்டு கைகளுக்கும் 2 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தாலோ, அளவு ஏறிக்கொண்டே போனாலோ மருத்துவரைப் பாருங்கள். புற்றுநோய் திரும்பி வந்தாலும், ரத்தக் குழாயில் கட்டி அடைத்தாலும் கை வீங்கலாம் என்பதால் முதலில் பரிசோதனை, பிறகுதான் மசாஜ்.

பசுமலை, திருப்பரங்குன்றம் பக்கத்தவர்கள் ஏற்கெனவே சிகிச்சை பெற்ற இடத்துக்கே, அது பாலரெங்காபுரம் அரசு புற்றுநோய் மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, பழைய ஃபைலோடு போய், பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். அங்கே மென்மையாகத் தடவி நீரை வடிக்கும் மசாஜ், பல அடுக்குக் கட்டு, பிறகு அளவெடுத்த அழுத்தக் கையுறை என்று படிப்படியாகச் செய்வார்கள். மருந்துக்கடை கிரேப் பேண்டேஜை நாமே இறுக்கிச் சுற்றுவது இதற்கு ஈடாகாது. சிறுநீர் பிரியும் மாத்திரையும் பயன் தராது. மதுரைச் சித்திரை வெயிலில் கையுறை போடுவது கஷ்டம்தான். துவைத்து மாற்ற இரண்டு வைத்திருங்கள். பல அடுக்குக் கட்டு இருக்கும் நாட்களில் ஒளுச் செய்யும் முறையை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கையை அசைக்காமல் வைத்திருப்பது பழைய அறிவுரை. 2009இல் அமெரிக்காவில் நிணநீர் வீக்கம் உள்ள 141 பெண்களிடம் நடந்த ஆய்வில், மேற்பார்வையோடு மெல்ல மெல்ல எடை தூக்கிப் பழகியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. திடீரென்று மோசமாவது மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. 'மெல்ல மெல்ல' என்பதுதான் முக்கியம். பல மாதம் சும்மா இருந்துவிட்டு, நோன்புக் கஞ்சி அண்டாவை ஒரே நாளில் தூக்குவது வேறு விஷயம்.

பயப்பட வேண்டியது கிருமித் தொற்றுக்கு. சிறு கீறல் வழியாகக்கூடக் கிருமி நுழைந்து, கை சிவந்து, சூடாகி, குளிர் காய்ச்சல் வரும். அன்றைக்கே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் அடங்கும்வரை மசாஜும் வேண்டாம். இதைத் தவிர்க்க, ஒளுவுக்குப் பின் விரல் இடுக்குகளைத் துடைத்து உலர்த்துங்கள். தோல் வெடிக்காமல் கிரீம் தடவுங்கள். மீன் ஆயும்போது ரப்பர் கையுறை போடுங்கள். கறுப்பு மெஹந்தி கோனில் சேர்க்கும் ரசாயனம் சிலருக்குக் கொப்புளம் உண்டாக்கும். பெருநாளானாலும் அந்தக் கைக்கு வேண்டாம். சூடான ஒத்தடமும் வேண்டாம். ஹிஜாமா செய்துகொள்ளும் பழக்கமுள்ளவர்கள் அந்தக் கையிலும் அந்தப் பக்கத் தோளிலும் கீறவோ கப் வைக்கவோ அனுமதிக்காதீர்கள்.

ஊசி, ரத்த அழுத்தப் பரிசோதனை ஆகியவற்றால் வரும் ஆபத்து முன்பு நினைத்த அளவுக்கு இல்லை என்று இப்போதைய ஆய்வுகள் காட்டுகின்றன. இருந்தாலும் நல்ல கை இருக்கும்போது அதையே நீட்டுங்கள். ஹஜ், உம்ரா தடுப்பூசிக்கும் அப்படியே. நீண்ட விமானப் பயணத்தில் கையுறை அணிவது பற்றிப் புறப்படும் முன்பே பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். புதுக் கையுறை என்றால் சில வாரம் முன்பே வாங்கி வீட்டில் போட்டுப் பழகுங்கள். அளவு சரியில்லாத கையுறை நீரை விரல்களில் தேக்கிவிடும்.